பெயர்களின் வேர்

1970களில் அமெரிக்காவின் ஏதோ ஒரு பல்கலைக்கழகம் தன் கணினியை இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் சேர்க்க விரும்பினால், அங்கிருந்து யாராவது ஒருவர் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்குக்கு ஃபோன் போட வேண்டும். எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் அலுவலகம் அங்கேதான் இருந்தது. எல்லோருக்கும் அவர் ‘ஜேக்’. கணினிக்கு என்ன பெயர், அதன் எண் என்ன என்று விசாரிப்பார்கள். அந்தப் பெயரை வேறு யாரும் ஏற்கெனவே வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் ‘ஹோஸ்ட்ஸ் டாட் டிஎக்ஸ்டி’ என்ற கோப்பில் ஒரு வரி கூடும். வலையில் இருந்த மற்ற கணினிகள் அவ்வப்போது அந்தக் கோப்பைப் பிரதி எடுத்துக்கொள்ளும். அலுவலக நேரம் முடிந்துவிட்டால் மறுநாள்தான்.

எண்களைப் பார்த்துக்கொண்டவர் வேறொருவர். ஜான் போஸ்டல். நீண்ட தாடியும் காலில் சாதாரணச் செருப்புமாக நடமாடிய அந்த ஆராய்ச்சியாளர், எந்தப் பயன்பாட்டுக்கு எந்த எண், எந்த வலைக்கு எந்த எண்வரிசை என்று குறித்துவைக்கத் தொடங்கினார். யாரும் அவரை அந்த வேலையில் அமர்த்தவில்லை. யாராவது ஒருவர் கணக்கு வைத்தாக வேண்டியிருந்தது, அவர் வைத்தார்.

இணையத்துக்குத் தலைமையகம் கிடையாது, தலைவரும் கிடையாது. இது உண்மைதான். ஆனால் அதன் ஒரு மூலையில் ‘இதுதான் சரி’ என்று சொல்ல ஒரே ஓர் இடம் தேவைப்படுகிறது. அந்த மூலை, பெயர். ஒரே பெயரை இருவர் வைத்துக்கொண்டால் தபால் யாருக்குப் போகும்? ஐம்பது ஆண்டுகளாக இணையத்தின் மீது நடந்த பெரிய அதிகாரச் சண்டைகளில் பல இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன. அதைப் புரிந்துகொள்ள, முதலில் ஒரு தகவல் எப்படிப் பயணம் போகிறது என்று பார்க்க வேண்டும்.

1969 அக்டோபர் 29 இரவு, லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கணினியிலிருந்து சார்லி கிளைன் என்ற மாணவர் எஸ்ஆர்ஐ கணினிக்குள் நுழைய முயன்றார். ‘லாகின்’ என்று தட்ட வேண்டும். எல், ஓ என்ற இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்தன, மூன்றாவதில் எதிர்முனைக் கணினி படுத்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்துச் சரிசெய்து முழுச்சொல்லையும் அனுப்பினார்கள். ஆர்பாநெட்டின் அடிப்படை உத்தியை அமெரிக்காவின் பால் பாரனும் பிரிட்டனின் டொனால்ட் டேவிஸும் 1960களில் தனித்தனியே கண்டடைந்திருந்தார்கள். செய்தியைச் சிறு துண்டுகளாக வெட்டு, ஒவ்வொரு துண்டின் மேலும் போகவேண்டிய முகவரியை எழுது, அவை எந்த வழியாகவாவது போய்ச் சேரட்டும் என்பதே அது. துண்டுக்கு டேவிஸ் வைத்த பெயர்தான் ‘பாக்கெட்’.

பாக்கெட்டுக்கு முழு வழியும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வழியில் இருக்கும் ரவுட்டருக்கும் தெரியாது. ஊர்ப்புறத்தில் வழி கேட்டால், “முதல்ல திண்டிவனம் போயிடுங்க, அங்க கேட்டா சொல்லுவாங்க” என்பார்களே, அதேதான். ஒவ்வொரு ரவுட்டரும் அடுத்த திருப்பத்தை மட்டும் சொல்லும். 1974இல் வின்ட் செர்ஃபும் பாப் கானும் எழுதிய கட்டுரை, வெவ்வேறு விதமான வலைகளை இந்த முறையில் ஒன்றோடொன்று பேசவைக்க வழி காட்டியது. 1983 ஜனவரி 1 அன்று ஆர்பாநெட் முழுவதும் அவர்களுடைய டிசிபி/ஐபி முறைக்கு மாறியது. இன்று 70,000க்கும் மேற்பட்ட தனித்தனி வலைகள் அதே முறையில் இணைந்திருக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று “இந்த எண்களுக்கு என் வழியாகப் போகலாம்” என்று சொல்லிக்கொள்கின்றன, மற்றவை நம்புகின்றன. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூபை முடக்கச் செய்த ஏற்பாடு வெளியே கசிந்து, யூடியூபின் எண்களுக்குத் தானே வழி என்று உலகத்துக்கு அறிவித்துவிட்டது. சுமார் இரண்டு மணி நேரம் உலகின் பெரும்பகுதிக்கு யூடியூப் இல்லை.

வழி எண்ணைப் பார்த்துத்தான். மனிதருக்கோ எண் நினைவில் நிற்காது. ஃபைன்லரின் கோப்பு அதற்காகவே இருந்தது. கணினிகள் பெருகத் தொடங்கியதும் அந்த ஒற்றைக் கோப்பு திணறியது. புதிய ஏற்பாட்டுக்குப் பலர் யோசனை எழுதியிருந்தார்கள். அவற்றைப் படித்து ஒன்றாக்கித் தரும்படி தன் சக ஆய்வாளரான பால் மொக்கபெட்ரிஸிடம் கொடுத்தார் போஸ்டல். மொக்கபெட்ரிஸ் அந்த யோசனைகளை ஒதுக்கிவைத்துவிட்டுத் தானே புதிதாக ஒன்றை வடிவமைத்தார். 1983இல் வெளியான அதுவே டிஎன்எஸ். பெயர்ப் பட்டியலை ஒருவர் கையில் வைக்காமல், ஒவ்வொரு கிளையையும் அந்தந்தக் கிளைக்காரரிடமே ஒப்படைத்துவிடுவது அதன் அழகு.

நம் ஊர் முகவரியை நினைத்துப் பாருங்கள். பெயர், கதவு எண், தெரு, ஊர், மாவட்டம், மாநிலம் என்று எழுதுகிறோம். தபால் பிரிப்பவரோ கீழிருந்து மேலே படிக்கிறார். டெல்லியில் இருப்பவருக்கு மாநிலம் போதும், தெரு அவருக்கு வேண்டாம். டிஎன்எஸ்ஸும் பெயரைப் பின்னாலிருந்துதான் படிக்கிறது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் முகவரியை எடுத்துக்கொள்வோம். ‘அண்ணாயூனிவ் டாட் எடு’ என்று அது முடிகிறது. (‘டாட் எடு’ 2001 முதல் அமெரிக்கக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் என்று ஆனது. அதற்கு முன்பே வாங்கியவர்கள் வைத்துக்கொள்ளலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் முகவரி அப்படித் தங்கிய ஒன்று.) மதுரையில் ஒரு மாணவி தேர்வு முடிவு பார்க்க அந்தப் பெயரைத் தட்டுகிறாள். அவளுடைய இணைப்பு நிறுவனத்தின் சர்வருக்கு அந்தப் பெயர் நினைவில் இருந்தால் உடனே எண்ணைக் கொடுத்துவிடும். இல்லையென்றால் அது முதலில் ஒரு ரூட் சர்வரிடம், அதாவது மரத்தின் வேரில் இருக்கும் சர்வரிடம், போய்க் கேட்கும். ரூட் சர்வருக்கு அண்ணா பல்கலைக்கழகம் தெரியாது. “டாட் எடுவை இன்னார் பார்க்கிறார்கள், அங்கே கேள்” என்று மட்டும் சொல்லும். டாட் எடுவின் சர்வர், அண்ணா பல்கலைக்கழகத்தின் சர்வரைக் காட்டும். அதுதான் கடைசியில் எண்ணைத் தரும். இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள். கிடைத்த விடையைக் குறிப்பிட்ட நேரம் வரை நினைவில் வைத்துக்கொள்வதால், அடுத்து அதே பெயரைக் கேட்கும் மாணவர்களுக்காக மறுபடி வேர் வரை போக வேண்டியதில்லை.

ரூட் சர்வர்கள் வைத்திருக்கும் வேர்க் கோப்பு மிகச் சிறியது. டாட் காம், டாட் ஆர்க், டாட் இன் போன்ற சுமார் 1,400 முடிவுகளும் அவற்றைப் பார்ப்பவர்களின் விவரங்களும்தான் அதில் உண்டு. ஒரு புகைப்படத்தின் அளவுக்கு மேல் வராது. ஏ முதல் எம் வரை 13 எழுத்துப் பெயர்களில் ரூட் சர்வர்கள் அதைப் பரிமாறுகின்றன. ஆரம்பகால விதிப்படி ஒரு பதில் 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும், அதற்குள் அத்தனை முகவரிகளுக்குத்தான் இடமிருந்தது. இன்று ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னாலும் உலகெங்கும் பல நகல் சர்வர்கள் நிற்கின்றன. நடத்துபவர்கள் 12 அமைப்புகள். அமெரிக்க ராணுவமும் நாசாவும் மேரிலாண்ட் பல்கலைக்கழகமும் அதில் உண்டு, ஸ்வீடனின் நெட்நாடும் ஜப்பானின் வைட் திட்டமும் உண்டு.

வேர்க் கோப்பில் எது ஒரு நாடு என்று யார் முடிவு செய்வது? 1994இல் போஸ்டல் இதற்கு எழுதிய விடையில் பெரும் விவேகம் இருக்கிறது. எது நாடு, எது நாடல்ல என்று தீர்ப்பது எங்கள் வேலை இல்லை, ஐஎஸ்ஓ 3166 என்ற பட்டியலில் இருக்கும் இரண்டெழுத்துக் குறியீட்டைப் பின்பற்றுவோம் என்றார். அரசியலைக் கதவுக்கு வெளியே நிறுத்திய முடிவு அது. இணையம் உலகமெங்கும் பரவியதில் இந்த அடக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் பணம் உள்ளே வந்தது. 1993 முதல் அரசு ஒப்பந்தத்தில் டாட் காம் பெயர்களைப் பதிவுசெய்துவந்த நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம், 1995 செப்டம்பரில் ஒரு பெயருக்கு ஆண்டுக்கு 50 டாலர் வாங்க அனுமதி பெற்றது. அதுவரை இலவசமாக இருந்த ஒன்று ஒரே நிறுவனத்தின் ஏகபோகச் சரக்காகிவிட்டது. வேர்க் கோப்பின் மூலப்பிரதியும் அந்த நிறுவனத்தின் ‘ஏ’ சர்வரில்தான் இருந்தது. டாட் காம் போன்ற புதிய முடிவுகளைச் சேர்க்கவும் போட்டியை உண்டாக்கவும் போஸ்டலும் மற்றப் பொறியாளர்களும் 1997இல் ஜெனீவாவை மையமாகக் கொண்டு ஓர் ஏற்பாடு செய்தார்கள். அமெரிக்க அரசு அதை ஏற்கவில்லை.

1998 ஜனவரி 28. அரசுக் கட்டுப்பாட்டில் இல்லாத எட்டு ரூட் சர்வர்களின் பொறுப்பாளர்களுக்குப் போஸ்டல் மின்னஞ்சல் அனுப்பினார். இனி வேர்க் கோப்பை ‘ஏ’ சர்வரிலிருந்து எடுக்க வேண்டாம், என் கணினியிலிருந்து எடுங்கள் என்றார். எட்டுப் பேரும் மறுபேச்சு இல்லாமல் மாற்றினார்கள். அவர்களுக்கு உத்தரவிட அவருக்கு எந்தச் சட்டமும் அதிகாரம் கொடுத்திருக்கவில்லை. சொன்னவர் ஜான், அது போதுமாக இருந்தது. அந்த நாட்களில் இணையத்தின் வேர் இரண்டாகப் பிரிந்து நின்றது. இரண்டு பிரதிகளிலும் ஒரே விவரம் இருந்ததால் பயனாளர் யாருக்கும் அது தெரியவில்லை. வெள்ளை மாளிகைக்குத் தெரிந்தது. அதிபர் கிளின்டனின் ஆலோசகர் ஐரா மேகசினரிடமிருந்து கடுமையான அழைப்பு போனது. இது ஒரு சோதனைதான் என்று சொல்லி, ஒரு வாரத்துக்குள் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினார் போஸ்டல்.

அந்தச் சில நாட்கள் ஒரு விஷயத்தைப் பட்டென்று வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. உலக வணிகம் ஏறி உட்காரத் தொடங்கியிருந்த அமைப்பு, சில நண்பர்களின் பரஸ்பர நம்பிக்கையில் நின்றுகொண்டிருந்தது. அந்த நம்பிக்கை உயர்வானது. அதே சமயம் அது ஒரு மனிதரின் ஆயுளோடு கட்டப்பட்டிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் இணையத்தின் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்க ஐகான் என்ற லாபநோக்கற்ற அமைப்பு கலிஃபோர்னியாவில் பதிவானது. அக்டோபர் 16 அன்று, 55 வயதில், இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் போஸ்டல் இறந்தார். அவர் ஆசிரியராக இருந்து பேணிய தொழில்நுட்ப ஆவண வரிசையிலேயே, ஓர் ஆவணமாக, வின்ட் செர்ஃப் அவருக்கு அஞ்சலி எழுதினார். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

ஐகான் வந்தது, ஆனால் வேர்க் கோப்பில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அமெரிக்க வணிகத் துறையின் ஒப்புதல் தேவைப்பட்டது. உலகம் அதைச் சகித்துக்கொள்ளவில்லை. 2003இல் ஜெனீவாவிலும் 2005இல் டூனிஸிலும் நடந்த ஐநா மாநாடுகளில் இதுவே பெரிய தகராறு. 2011இல் இந்தியா, இணையக் கொள்கைகளுக்கென ஐநாவில் 50 நாடுகள் கொண்ட குழு அமைக்கலாம் என்று முன்மொழிந்தது. 2015இல் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு, அரசுகளோடு நிறுவனங்களும் பொறியாளர்களும் குடிமக்களும் சேர்ந்து அமரும் முறைக்கு ஆதரவு தந்தது. இடையில் 2013இல், அமெரிக்க உளவுத்துறையின் இணையக் கண்காணிப்பு பற்றி ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் அமெரிக்காவின் மேலிருந்த நம்பிக்கையைச் சிதைத்திருந்தன. மறு ஆண்டே பிடியை விடப் போவதாக வாஷிங்டன் அறிவித்தது. கடைசி நாட்களில்கூட நான்கு அமெரிக்க மாநிலங்கள் நீதிமன்றம் போயின. நீதிபதி தடை விதிக்கவில்லை. 2016 அக்டோபர் 1 முதல் ஐகானுக்கும் அமெரிக்க அரசுக்கும் இடையே அந்த ஒப்புதலுக்கான ஒப்பந்தம் இல்லை.

இதற்கிடையே வேருக்கு வேறொரு பக்கத்திலிருந்து ஆபத்து தெரிந்தது. டிஎன்எஸ் வடிவமைக்கப்பட்ட காலத்தில் பொய் விடை சொல்லும் ஒருவர் வருவார் என்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. கேள்வியோடு 65,536 எண்களில் ஏதோ ஒன்று போகும், அதே எண்ணோடு முதலில் வரும் விடையை சர்வர் நம்பிவிடும். மோசக்காரர் அந்த எண்ணை ஊகித்துவிட்டால் போதும். ஒருமுறை தவறினால் அந்தப் பெயர் சர்வரின் நினைவில் இருக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பதே பாதுகாப்பாக இருந்தது. 2008 தொடக்கத்தில் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் டான் கமின்ஸ்கி அதைத் தகர்த்தார். இல்லாத பெயர்களை வரிசையாகக் கேட்கவைத்தால் காத்திருக்கவே வேண்டாம், நொடிகளில் ஒரு வங்கியின் பெயர் முழுவதையும் தன் பக்கம் திருப்பிவிடலாம் என்று கண்டார். அதை அவர் விற்கவில்லை. மார்ச் 31 அன்று மைக்ரோசாஃப்ட் வளாகத்தில் ஒரு சிறு குழு ரகசியமாகக் கூடியது. ஜூலை 8 அன்று போட்டி நிறுவனங்கள் எல்லாம் ஒரே நாளில் அந்த ஓட்டையை அடைக்கும் ஒட்டு வெளியிட்டன.

ஒட்டு என்பது ஒட்டுதான். நிரந்தர மருந்து, விடைகளில் கையெழுத்து இடுவது. 2010 ஜூலை 15 முதல் வேர்க் கோப்பு டிஜிட்டல் கையெழுத்தோடு வருகிறது. அந்தக் கையெழுத்தின் தலைச்சாவி திருடுபோனால் என்ன ஆகும் என்ற அச்சம் ஒரு சடங்கையே உருவாக்கியிருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் எல் செகுண்டோவிலும், வர்ஜீனியாவின் கல்பெப்பரிலும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறி மாறி அது நடக்கிறது. சாவி இருக்கும் பெட்டியை யாராவது உடைக்க முயன்றால் அது தன்னுள் இருப்பதை அழித்துக்கொள்ளும். பெட்டி ஓர் இரும்புப் பெட்டகத்தில், அதை இயக்கும் அட்டைகள் இன்னொன்றில். அட்டைகள் வைத்த சிறு பெட்டிகளின் சாவிகள், ஓரிடத்துக்கு ஏழு பேராகப் பல நாடுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட தன்னார்வலர்களிடம். அவர்களில் மூவராவது வந்தால்தான் வேலை நடக்கும். மடிக்கணினியில் ஹார்ட் டிஸ்க் கிடையாது, பேட்டரி கிடையாது, எந்த வலையோடும் இணைப்பு கிடையாது. ஒவ்வோர் அடியும் எழுதிவைத்த வரிசைப்படி நடக்க, உலகத்தில் யார் வேண்டுமானாலும் நேரலையில் பார்க்கலாம்.

2020 பிப்ரவரியில் எல் செகுண்டோவில் எல்லோரும் வந்து சேர்ந்திருந்தார்கள். பெட்டகத்தின் பூட்டு திறக்கவில்லை. பூட்டு வல்லுநர்களை வரவழைத்து, இரும்பைத் துளையிட்டுத் திறந்து, சில நாட்கள் தாமதமாகக் கையெழுத்து நடந்தது. சொல்லிவைத்தாற்போல் அடுத்த சடங்குக்குள் கோவிட் வந்துவிட்டது. தன்னார்வலர்கள் பயணிக்க முடியாமல் தங்கள் சாவிகளைப் பொதியில் அனுப்பிவைத்தார்கள். போஸ்டலின் காலத்தில் ஒருவர் மீது வைத்த நம்பிக்கையை, இன்று யாரையும் தனியாக நம்பத் தேவையில்லாதபடி பலருக்குப் பங்கிட்டிருக்கிறார்கள்.

2022 பிப்ரவரி இறுதியில் இந்த ஏற்பாட்டுக்கு மிகக் கடினமான சோதனை வந்தது. ரஷ்யா படையெடுத்த சில நாட்களில், டாட் ஆர்யூவை வேரிலிருந்து நீக்கும்படி உக்ரைன் ஐகானுக்கு எழுதியது. குண்டு விழும் நகரத்திலிருந்து வந்த கோரிக்கை. ஐகானின் தலைவர் கோரான் மார்பி மார்ச் 2 அன்று மறுத்துப் பதில் அனுப்பினார். ஐகானின் பணி இணையம் இயங்குவதை உறுதிசெய்வது, அதை நிறுத்துவதற்குத் தன் பொறுப்பைப் பயன்படுத்த முடியாது என்பதே சாரம். அந்த மறுப்பு உக்ரைனியர்களுக்கு எவ்வளவு கசந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. ஆனாலும் அது சரியான முடிவு. ஒரு நாட்டின் பெயரை ஒருமுறை வேரிலிருந்து பிடுங்கிவிட்டால், அடுத்தமுறை யாருடைய பெயர் என்று கேட்கும் கூட்டம் வாசலில் நிற்கும். பிறகு ஒவ்வொரு வல்லரசும் தனக்கென ஒரு வேரை நட்டுக்கொள்ளும். ரஷ்யா 2019இல் இயற்றிய சட்டத்தில் தனி டிஎன்எஸ்ஸுக்கு ஏற்கெனவே வழி செய்து வைத்திருக்கிறது.

அரசுகளால் வரும் பிளவு ஓர் அபாயம் என்றால், ஒரு சில நிறுவனங்களின் கையில் எல்லாம் குவிவது இன்னொன்று. மொக்கபெட்ரிஸ் கிளை கிளையாகப் பிரித்துவைத்ததை வசதி மறுபடி ஓரிடத்தில் கூட்டுகிறது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு தவறான கட்டளையால் அதன் பெயர் சர்வர்களுக்குப் போகும் வழிகளே வரைபடத்திலிருந்து மறைந்தன. வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் சேர்ந்து சுமார் ஆறு மணி நேரம் இல்லை. 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் வடக்கு வர்ஜீனியா மையத்தில் ஒரு தரவுத்தளச் சேவையின் டிஎன்எஸ் பதிவு வெறுமையாகிவிட்டது. அதை எழுதும் தானியங்கி நிரல்கள் ஒன்றையொன்று முந்தியதால் வந்த வினை. ஸ்நாப்சாட்டிலிருந்து சிக்னல் வரை தடுமாறின. வேரைக் காக்க இவ்வளவு பாடுபட்டுவிட்டுக் கிளைகளையெல்லாம் ஒரே தொட்டியில் வைத்திருக்கிறோம் என்பது கவலைக்குரியது.

தமிழருக்கு இந்தக் கதையில் நேரடியான பங்கு ஒன்று உண்டு. டிஎன்எஸ்ஸின் பெயர்கள் நெடுங்காலம் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் சிறு கோட்டிலும் மட்டுமே அமைந்தன. மற்ற எழுத்துகளில் முகவரி அமைக்கும் முயற்சிகளில் முன்னோடியாக, 1998இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீயின் குழு இறங்கியது. பிறகு வேர்க் கோப்பிலேயே தமிழ் ஏறியது. 2010இல் ‘இலங்கை’, 2011இல் ‘இந்தியா’, ‘சிங்கப்பூர்’. மூன்று நாடுகளின் பெயர்கள் தமிழ் எழுத்தில் உலகின் எல்லா ரூட் சர்வர்களிலும் இருக்கின்றன. உள்ளே போய்ப் பார்த்தால் அவை எக்ஸ்என் என்ற இரண்டு எழுத்துகளும் இரண்டு சிறு கோடுகளுமாகத் தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாறியே பயணிக்கின்றன. பழைய சர்வர்களைக் குழப்பாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது.

எழுத்து வந்ததும் எழுத்தின் சிக்கலும் வந்தது. ‘கௌ’ என்று ஒரு க-வோடு ஔகாரக் குறி சேர்த்துத் தட்டலாம். ‘கெள’ என்று கெ-யும் ள-வும் தனித்தனியாகத் தட்டலாம். திரையில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். கணினிக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். ‘கௌரி’ என்ற பெயரில் கடை நடத்துபவரின் முகவரியை, கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும் இன்னொரு ‘கெளரி’ திருடலாம். இத்தகைய இரட்டைகளைக் கண்டறிந்து தடுக்கத்தான் தமிழ் உட்பட ஒவ்வோர் எழுத்து முறைக்கும் விதிகள் வகுத்திருக்கிறார்கள்.

அதையும் தாண்டி ஒரு தடை மிச்சமிருக்கிறது. ஆங்கிலம் அறியாத ஒரு விவசாயி தமிழிலேயே மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ளத் தொழில்நுட்பம் தயார். அந்த முகவரியைக் கொண்டு பல வலைத்தளங்களில் கணக்குத் தொடங்கப் போனால், படிவம் ‘செல்லாத முகவரி’ என்று சிவப்பில் காட்டும். வேர் அவருடைய எழுத்தை ஏற்றுக்கொண்டு பத்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. தடுப்பது அந்தப் படிவத்தை எழுதியவரின் நிரலில் இருக்கும் ஒரே ஒரு வரி. முகவரியில் ஏ முதல் இசட் வரையிலான எழுத்துகள் மட்டுமே வரலாம் என்று அதில் எழுதியிருக்கிறது.